எலும்புக்கு எடுத்த ரத்தம்

காஜா பெராங் வட்டாரத்தில் மெர்டேக்கா சுதந்திர நாளுக்காகக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் நல்லையா தன் கிளினிக்கில் கமலவேணியின் கையிலிருந்த மாவுக்கட்டைப் பிரித்தார்.

"சிங்கப்பூருக்கு அனுப்பின ரத்தத்துக்கு முடிவு வந்துடுச்சும்மா. சுண்ணாம்புச் சத்து நல்லா இருக்கு. எலும்புல ஒரு கோளாறும் இல்ல."

அவள் முகம் வெளிறியது.

"இல்ல டாக்டர், ஒரே வருசத்துல மூணு தடவை உடைஞ்சிருக்கே."

"குளியலறையில வழுக்கி விழுந்தா யாருக்கும் உடையும். இனிமே பயமில்ல. உங்க வீட்டுக்காரர்தான் பாவம், பாலும் நெத்திலியுமா வாங்கிக் கொடுத்தாராமே."

"அவர்கிட்ட மட்டும் எலும்பு மோசமா இருக்குன்னே சொல்லிடுங்க டாக்டர்."

"ஏம்மா?"

"போன மாசம் நீங்க அப்படிச் சந்தேகப்பட்டதிலேருந்துதான் அவர் என்மேல கை வைக்கல. அடிச்சா செத்துடுவேன்னு பயம்."

நல்லையா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

எந்த நோயாளியானாலும் குடும்பத் தலைவரிடம் முதலில் சொல்வதுதான் அவர் வழக்கம். காலையிலேயே அவள் கணவர் தம்பிராஜா வந்து முடிவைக் கேட்டுவிட்டு, சந்தோஷமாகக் கை குலுக்கிவிட்டுப் போயிருந்தார்.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

"கமலா, கட்டு பிரிச்சாச்சா? வா, வீட்டுக்குப் போகலாம்."