கூறு வைத்த கை

கறியில் இன்னும் சூடு இருந்தது.

கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில் பனையோலையை விரித்து, அவர் பன்றிக்கறியைக் கூறு வைத்துக்கொண்டிருந்தார். தொடையில் இவ்வளவு, விலாவில் இவ்வளவு, ஈரலில் ஒரு துண்டு. ஒன்றில் கூடினால் எடுத்து இன்னொன்றில் போட்டார். இந்த வேட்டைக்கூட்டத்தில் கூறு வைப்பது எப்போதும் அவர் கைதான். ஒருத்தரும் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை.

காலையில் அவருக்கு வரவே மனசில்லை. மச்சினன் சோலையப்பன்தான் வாசலில் வந்து நின்றான்.

"வேட்டையாட வேணாம் மச்சான். சும்மா கூட நடங்க."

வந்தது நல்லதாகப் போயிற்று.

வீட்டில் மூச்சு முட்டுகிறது. மகன் வீரணன் செத்து இன்னும் வருசம் திரும்பவில்லை. அவன் சட்டை கொடியில் கிடக்கிறது, எடுக்க யாருக்கும் தைரியமில்லை. பொம்பளைகள் கூடி உட்கார்ந்து அழுதுகொள்கிறார்கள். ஆம்பளை எங்கே போய் அழுவது?

காட்டில் அந்தத் தொல்லை இல்லை. காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கவேண்டும். கால் எதன்மேல் படுகிறது என்று பார்க்கவேண்டும். நாய் எதற்குக் காதைத் தூக்குகிறது என்று பார்க்கவேண்டும். அந்த நேரத்தில் செத்தவனைக்கூட நினைக்க முடியாது.

அது எத்தனை பெரிய உபகாரம் என்று இன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

கருவேலம்புதருக்குள் பதுங்கி நின்ற கொஞ்ச நேரம், அவர் யாருக்கும் அப்பா இல்லை. வேல்கம்பு பிடித்த ஒரு ஆள், அவ்வளவுதான்.

பன்றி விழுந்ததும் எல்லோரும் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவர் குனிந்தவர் நிமிர நேரமாயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"கூறு ஆச்சு" என்றார்.

சோலையப்பன் எழுந்து, ஓலைக்கு முதுகைக் காட்டி நின்றான்.

வழக்கம் அது. கூறு வைத்தவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்பார். பார்க்காமல் நிற்பவர் பேர் சொல்வார். சொன்ன பேருக்குத்தான் அந்தக் கூறு. மாற்றக்கூடாது, கலைக்கக்கூடாது. காடு கொடுத்ததில் மனுசன் திருத்தம் செய்யக்கூடாது.

"இது யாருக்கு?"

"கருத்தாணுக்கு."

"இது?"

"முத்திருளனுக்கு."

"இது?"

"எனக்கு."

"இது?"

"ஒங்களுக்கு மச்சான்."

"இது யாருக்கு?"

கேட்ட பிறகுதான் பார்த்தார்.

முன்பெல்லாம் அஞ்சு பேர். இன்றைக்கு வந்தது நாலு பேர். ஓலையில் இன்னும் ஒரு கூறு இருந்தது. அவர் கை அதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஊரெல்லாம் வந்து துக்கம் கேட்டுவிட்டுப் போனது. இந்தப் பாழாய்ப்போன கைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

கருத்தாணும் முத்திருளனும் தரையைப் பார்த்தார்கள்.

சோலையப்பன் திரும்பவில்லை. தப்பு நடந்துபோச்சு, கலைச்சுருங்க என்று அவன் சொல்லியிருக்கலாம். யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள்.

"வீரணன் வீட்டுக்கு" என்றான்.

பேர் சொல்லியாகிவிட்டது.

வீரணன் வீடு என்றால் இப்போது அவன் பெண்டாட்டி செல்லக்கிளிதான். கீழக்காட்டில் தாய்வீட்டில் இருக்கிறாள். சீக்கிரம் வாங்க என்று போன் போட்டவள் அவள். அதனால்தான் அவன் வண்டியை விரட்டினான், லாரியில் மோதினான் என்று, காரியம் முடிந்த அன்றைக்கே அவர் மனைவி மருமகளை வெளியே அனுப்பிவிட்டாள். அவர் அங்கேதான் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை இருந்திருக்கும். சொல்லவில்லை. எதற்குச் சொல்லவில்லை என்று இதுவரை அவருக்கே பிடிபடவில்லை.

"ஒங்கக்கா கேட்டா என்ன சொல்ல மாப்ள?"

"தம்பிதான் பேரு சொன்னான்னு சொல்லுங்க."

தன் கூறை அவனிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். மகன் கூறை ஓலையில் சுற்றி நாரால் கட்டினார். வரப்பு வழியாகவே கீழக்காட்டுக்கு நடந்தார்.

செல்லக்கிளி ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். அவரைக் கண்டதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

வாங்க என்று சொல்லவில்லை. சொல்லவேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை.

அவர் பொட்டலத்தை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை.

நாரால் கட்டிய கட்டைப் பார்த்தாள். வேட்டைக்காரன் பெண்டாட்டி. கூறு எது, பாவம் பார்த்துக் கொடுப்பது எது என்று கேட்காமல் அவள் கை நீட்டமாட்டாள். மாமனார் தன் பங்கில் கிள்ளிக் கொண்டுவந்த பிச்சை என்றால் அது ஆட்டுக்கொட்டிலைத் தாண்டாது.

அவர் நீட்டிய கை வலிக்கத் தொடங்கியது.

"எத்தன பேரு போயிருந்தீக மாமா?"



"அஞ்சு பேரு தாயி."

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.