நான்காம் கண்

நான்காவது கண் மட்டும் ஒத்துவரவில்லை.

அவள் சென்சாரைக் கழற்றி மறுபடி பொருத்தினாள். லாரி ஒன்று பாலத்தைக் கடந்தது. தூணுக்குத் தூண் ஒரு கண், மொத்தம் நான்கு. முதல் மூன்றும் கணக்குப்படியே அதிர்ந்தன. நான்காவது அதில் பாதிகூட அசையவில்லை.

பழைய பாலங்கள் எப்படித் தளர்கின்றன என்பதுதான் அவளது ஆராய்ச்சி. தளராத ஒன்றை என்ன செய்வது?

வரைபடத்தின் மூலையில் அப்பாவின் கையெழுத்து. இளநிலைப் பொறியாளர். முப்பத்தாறு வருடத்துக்கு முந்தைய மை.

மதியம் பைனாகுலரை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கினாள். எந்தப் பாலத்துக்குப் போனாலும் அடியில் கூடு கட்டியிருக்கும் பறவைகளைப் பார்க்காமல் அவள் திரும்புவதில்லை.

உத்தரங்களின் அடியில் தகைவிலான்களின் மண்கூடுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. மூன்று கண்கள்வரை ஒரே மட்டம். நான்காவதில் வரிசை ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது.

பைனாகுலரைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

ஏணி வைத்து டேப்பால் அளந்தாள். வரைபடத்தில் இருப்பதைவிட உத்தரம் ஒன்பது அங்குலம் கூடுதல் கனம்.

அப்பாவுக்குப் போன் செய்தாள்.

அவர் ஓசூரில் தனியாக இருக்கிறார். அவளுக்கு ஒரு வயதாக இருந்தபோது மாற்றலாகிப் போனவர். அம்மா டீச்சர் வேலையை விட்டுவிட்டு உடன்போக மறுத்துவிட்டாள். அதன்பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை.

ஒன்பது அங்குலம் என்றதும் எந்தக் கண் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"மூணு கண்ணு முடிஞ்சப்ப உங்கம்மா காந்திமதி பாக்க வந்தா. சிமெண்ட் ஏத்திட்டு ஒரு டிராக்டர் போச்சு. ஆடுதேன்னு என் கையப் புடிச்சுக்கிட்டா."

பாலம் என்றால் ஆடத்தான் செய்யும், பயப்பட ஒன்றுமில்லை என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார். தினமும் அதன்மேல் நடந்துதான் அம்மா பள்ளிக்கூடம் போகவேண்டும். மிச்சமிருந்தது ஒரு கண். அதைத் தன் இஷ்டத்துக்குக் கட்டினார்.

யாரையும் கேட்காமல் வரைபடத்தை மீறியதற்கு மெமோ வந்தது. மாற்றல் அதனால்தான்.

அம்மாவிடம் சொல்லிவிடாதே என்றார்.

இரண்டு நாள் அவள் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை, அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

அம்மா கடைசிவரை கேட்டாள். மிச்சக் கீரையையும் உருவி முடித்தாள். கை கழுவிவிட்டுப் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

பாலம் திறந்த மாதமே அந்த வழியில் டவுன் பஸ் விட்டுவிட்டார்கள். முப்பது வருடம் அம்மா பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போனாள். ஒருநாளும் அதன்மேல் நடந்ததில்லை.

இப்போது நடந்தாள்.

இரண்டாவது கண்ணில் ஒரு லாரி வந்தது. அம்மா சட்டென்று கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாள். லாரி போனபிறகும் கொஞ்சநேரம் விடவில்லை.

நான்காவது கண்ணுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வெறுங்காலோடு நின்றாள்.

மணல் லாரி வந்தது. முழுப் பாரம்.

அம்மாவின் கை சுவரை நோக்கிப் போய், தொடாமல் நின்றது.

லாரி கடந்து போயிற்று.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தார் சுடும், போகலாமா என்று கேட்டாள் அவள்.

"இரு. இன்னொரு லாரி வரட்டும்."