நரகத்துக்கு வெள்ளையடிக்கும் தீர்மானம்

இன்றைக்கே நரகத்துக்கு வெள்ளையடித்தாக வேண்டும் என்று ஆரோக்கியசாமி ஒற்றைக்காலில் நின்றார்.

ஞாயிறு பூசை அப்போதுதான் முடிந்திருந்தது. அவர் பங்குப் பேரவையின் துணைத்தலைவர். அம்பத்தூர்க் கோயிலில், பீடத்துக்கு எதிர்ச்சுவரில் உலக முடிவின் பொதுத் தீர்வையை, மேலே மோட்சமும் கீழே நரகமுமாக, வரையச் சொன்னவரும் அவர்தான், செலவை ஏற்றவரும் அவர்தான்.

வரைந்தது ஹில்டாவின் கணவன் பிராங்க். பூந்தமல்லியில் லாரிகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். வண்டியின் முதுகில் கழுகு வரைந்துகொண்டிருந்தவனுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் சுவர் இது. இதில் பாதியை அழித்தால் இனி பிரஷ்ஷைத் தொடமாட்டான். ஹில்டா ஆரோக்கியசாமியை மறித்துக்கொண்டு நின்றாள்.

யோசனை கொடுத்த புண்ணியவதியே அவள்தான். கல்லூரியில் ஓவிய வரலாறு நடத்துகிறவள். ஐரோப்பாவின் இடைக்காலத் தீர்வை ஓவியங்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். அந்தக் காலத்து ஓவியர்கள் தங்கள் ஊர் முகங்களைத்தான் நரகத்தில் போட்டார்கள், எடையில் ஏமாற்றிய ரொட்டிக்காரன் முதல் பிஷப் வரை ஒருவரையும் விடவில்லை என்று ஒருநாள் சோறு போடும்போது சொல்லித் தொலைத்துவிட்டாள்.

பிராங்க் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

எண்ணெய்க் கொப்பரையின் நடுவில், செம்பரம்பாக்கம் ஏரிக்குள் மனை விற்ற புரோக்கர். பக்கத்தில் பாடகர் குழுத் தலைவர், கையில் மைக்கோடு. சூலத்தில் குத்துப்பட்டுக் கிடப்பவன் சாட்சாத் பிராங்க்கேதான். ஓரத்தில் பங்குச் சாமியாரும் வெந்துகொண்டிருந்தார். அவர் வந்து பார்த்தார், தொப்பை கொஞ்சம் அதிகம் என்றார், போய்விட்டார்.

"கோயிலா இன்னா இது? ஜனம் சாமியப் பாக்குறத உட்டுட்டு இவனுங்களப் பாத்துகினு நிக்குது," என்று ஆரோக்கியசாமி பொரிந்தார்.

அதில் பொய்யில்லை. பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கூட்டமே செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. ஆவடியிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். புரோக்கர் கொப்பரையில் வேகும் தன் முகத்துக்குப் பக்கத்தில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் சலிக்காமல் போஸ் கொடுத்தார். விசிட்டிங் கார்டும் கொடுத்தார்.

ஹில்டா வகுப்பில் பேசும் குரலை வரவழைத்துக்கொண்டாள்.

"அந்தக் காலத்துலயும் இப்படித்தான் அங்கிள். செலவு பண்ணவங்கள மோட்சத்துல வெச்சிடுவாங்க. உங்களையும் மேலதான் வெச்சிருக்காரு."

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

மோட்சம் கூரையை ஒட்டி இருந்தது. புனிதர்கள் வரிசையில் முழங்கால் போட்டிருந்த ஆரோக்கியசாமியின் உடம்பை மின்விசிறி மறைத்தது. முகத்தை ஒரு டியூப்லைட் மறைத்தது. அதன்மேல் 'உபயம்: ஆரோக்கியசாமி குடும்பத்தினர்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து வலித்திருக்க வேண்டும், பாவம்.

நரகத்துக்கு ஜனங்கள் ஏன் பயந்தார்கள் என்று ஆய்வேட்டில் பக்கம் பக்கமாக எழுதியவள் ஹில்டா. மோட்சத்தில் இருப்பவருக்கும் இப்படி ஒரு வருத்தம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

புரோக்கர் அடுத்த செல்ஃபிக்குத் தலையைச் சீவிக்கொண்டார்.

ஆரோக்கியசாமி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவள் பக்கமாகக் குனிந்தார்.

"ஹில்டாம்மா, அந்தக் கொப்பரையில இன்னொரு ஆளுக்கு எடம் கீதா? அவனுக்கு முன்னால."