எவேலியோவின் வண்டி கிளம்பவில்லை

“நீதான் ஏதோ பண்ணியிருக்கே! அவ போகக் கூடாதுன்னு நீதான் வண்டியைக் கெடுத்து வச்சிருக்கே!”

நியெவெஸ் போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. காரின் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த அவள் கணவன் எவேலியோ நிமிரவே இல்லை. மத்தான்சாஸ் ஊரில் யார் வண்டி படுத்தாலும் எழுப்பிவிடுகிற மெக்கானிக் அவன். இன்றைக்கென்று பார்த்து அவனுடைய வண்டியே கர்ர் கர்ர் என்று இருமுகிறதே தவிர, கிளம்ப மாட்டேன் என்கிறது.

“எங்கம்மா கல்லறை மேல சத்தியமாச் சொல்றேன், நான் ஒண்ணும் பண்ணலை!”

மகள் யதீராவுக்கு மத்தியானம் ஹவானாவிலிருந்து விமானம். மாட்ரிட்டில் இருக்கும் அத்தை அலையாய் அலைந்து விசா வாங்கியிருந்தாள். டிக்கெட்டுக்காக வீட்டு ஃப்ரிட்ஜே போய்விட்டது. இந்த விமானத்தை விட்டால் மறுபடி அனுப்புவதற்கு வழியே இல்லை.

வேறு வண்டியும் கிடையாது. தெருவிலிருந்த இன்னொரு கார் முந்தாநாளிலிருந்து பெட்ரோல் வரிசையில் நிற்கிறது. எதிர்வீட்டு ரிகோவின் கார் சக்கரமில்லாமல் செங்கல் மேல் நிற்கிறது. அதனாலென்ன, அடுத்தவன் காருக்கு வைத்தியம் சொல்ல ரிகோதான் முதல் ஆளாக வந்து நின்றான்.

“ரோட்டரைப் போட்டியாடா?”

கூட்டம் சிரித்தது. ராத்திரி கார் திருடு போகாமலிருக்க, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் கட்டைவிரல் அளவு ரோட்டரைக் கழற்றித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குவது அங்கே எல்லாருக்கும் வழக்கம். காலையில் அதைப் போட மறந்துவிட்டு மண்டையை உடைத்துக்கொள்வதும் வழக்கம்தான்.

“விடிஞ்சதும் முதல் வேலையா அதைப் போட்டுட்டுத்தான் குளிக்கவே போனேன். என்னைப் பார்த்தா கத்துக்குட்டி மாதிரியா இருக்கு?” எவேலியோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த மூடியின் பக்கமே அவன் கை போகவில்லை.

“அப்ப கார்புரேட்டர்தான்டா, சந்தேகமே இல்லை!”

கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார்கள். பிளக்குகளைத் துடைத்தார்கள். ஒருவன் பெட்ரோல் குழாயில் வாய் வைத்து உறிஞ்சிவிட்டுத் துப்பிக்கொண்டே இருந்தான். கடைசியில் நாலு பேர் சேர்ந்து தெருமுனை வரை தள்ளிப் பார்த்தார்கள். வண்டி மசியவில்லை. மூச்சுவாங்க, தள்ளிக்கொண்டே திரும்பி வந்தார்கள்.

யதீரா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கொண்டுவந்த நியெவெஸ், அவசரத்திலும் மகளை ஒரு பார்வை பார்த்தாள்.

“புது வெள்ளைச் சட்டை, அதுக்குள்ள கையில கறுப்பு! எங்கே போய் உரசிக்கிட்டே? அத்தை பார்த்தா என்ன நினைப்பா?”

“வண்டியில பட்டுருச்சும்மா.”

இப்போது கிளம்பினால்கூட எட்டிப் பிடித்துவிடலாம். ஊரார் வண்டிக்கெல்லாம் வழி சொன்னவனுக்குத் தன் வண்டியில் எங்கே கைவைப்பதென்று தெரியவில்லை. பார்க்காத இடமென்று ஒன்றுதான் பாக்கி. வெட்கத்தை விட்டு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தான்.

உள்ளே ரோட்டர் இல்லை.

மெதுவாக நிமிர்ந்தான். வாசலில் நியெவெஸ் அழுதுகொண்டிருந்தாள். ஒரு கை கண்ணைத் துடைத்தது. மற்றொரு கை ஏப்ரன் பைக்குள் எதையோ இறுகப் பிடித்திருந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது. ‘போ, போ’ என்று வாய் சொன்னாலும் பெற்ற வயிறு கேட்கவில்லை, பாவம். இத்தனை பேர் முன்னால் அவளைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

மூடியைப் பழையபடி மாட்டினான். துணியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

“டைமிங் செயின் அறுந்துபோச்சு.”

ரிகோ தலையில் கைவைத்துக்கொண்டான். “அடப்பாவி, அப்ப எஞ்சினையே பிரிக்கணுமேடா!”

ஒவ்வொருவராக எவேலியோவின் தோளைத் தட்டிவிட்டுக் கலைந்து போனார்கள். யதீரா பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மத்தியானம் தாண்டியபின் எவேலியோ சமையலறைக்கு வந்தான். மனைவி முன்னால் உள்ளங்கையை நீட்டினான்.

“குடு நியெவெஸ். நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்.”

“எதைக் குடுக்க?”

“ரோட்டரை. காலையிலேருந்து பையில பிடிச்சுக்கிட்டே நிக்கிறியே.”

நியெவெஸ் பையிலிருந்ததை எடுத்து மேஜைமேல் போட்டாள். மாதா படம் போட்ட சின்னப் பதக்கம்.

“வண்டி ஏறுறப்ப அவ கழுத்துல போட்டுவிடலாம்னு வச்சிருந்தேன். ரோட்டரை எடுத்தது நீ! அறுந்தே போகாத செயினை அறுந்துபோச்சுன்னு சொன்னது நீ! பழி எனக்கா?”

“நீ எடுத்தேன்னு நெனச்சுதான் அப்படிச் சொன்னேன்! சத்தியமா நான் எடுக்கலை!”

“நானும் எடுக்கலை!”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கதவருகே நின்ற யதீரா உள்ளே வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. மூடியிருந்த கையைப் பதக்கத்துக்குப் பக்கத்தில் வைத்து விரித்தாள்.

“போறியான்னு என்னை ஒருத்தரும் கேக்கலையேப்பா!”