களவு போன முதல் கேசட்

பெத்த பிள்ளை பாடிய கேசட்டைக் கையில் வாங்கி, மேலும் கீழும் புரட்டி, கம்பெனி முத்திரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரிஜினல்தான்" என்று டிவி மேல் வைத்துவிட்டு ஒரு தகப்பன் குளிக்கப் போவாரா? தம்புசாமி போனார்.

சீதாலெட்சுமிக்கு வயிறு எரிந்தது. மகன் தயாளனும் கூட்டாளிகளும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் கிடந்து, வேர்த்து விறுவிறுத்துப் பதிவு செய்த முதல் ஆல்பம் அது. பேண்டுக்குப் பேர் 'டின் அம்ப்ரெல்லா'. அட்டையில் ஒரு சீனப் பையன், ஒரு மலாய்ப் பையன், நடுவில் இவள் பிள்ளை, ஒரு கண்ணை மறைத்துத் தொங்கும் முடியோடு. நியூ வேவ் பாட்டு என்றால் முடி அப்படித்தான் இருக்கணுமாம்.

பாட்டெல்லாம் இங்கிலீஷ். பாதி அவளுக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டால் போகட்டும், பெட்டிக்குள்ளிருந்து வருவது தன் பிள்ளையின் குரலாச்சே. கிள்ளானில் அவர்கள் குடியிருந்த தாமானில் அவள் போய்ப் பீற்றிக்கொள்ளாத வீடு பாக்கியில்லை.

தம்புசாமி முத்திரையைத் தடவிப் பார்த்தாரே, அவர் உத்தியோகம் அப்படி. கள்ளக் கேசட் பிடிக்கிற அரசாங்க அதிகாரி. சாயங்காலம் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைப் பக்கம் அவர் லோரி திரும்பினாலே கேசட்டுக் கடைக்காரர்கள் விரிப்போடு சுருட்டிக்கொண்டு ஓடுவார்கள். எவன் நீட்டிய தேத்தண்ணியையும் தொட்டதில்லை என்று ஊரில் நல்ல பேர். வீட்டில்தான் பிள்ளையை வாய் நிறைய ஒரு வார்த்தை பாராட்டியதில்லை.

கேசட்டோ நகரவே இல்லை. நம்ம ஊர்ப் பையன்கள் என்றதும் கடைக்காரர்கள் கீழ்த்தட்டில் தள்ளிவிட்டார்கள். இது ஓடாவிட்டால் அடுத்த ஆல்பத்தை மறந்துவிடச் சொல்லிவிட்டது கம்பெனி. தயாளனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் மனசு விட்டுப்போய் அம்மாவிடம் புலம்பினான்.

"பாசார் மாலாம்ல அலறினாத்தான்மா ஜனங்க காதுல விழும், அப்புறம்தான் கடையில போய்க் கேப்பாங்க. ஓடுற பாட்டையெல்லாம் காப்பியடிச்சு விக்கிறான். எங்க பாட்டைத் திருடக்கூட எவனுக்கும் தோணல லா."

எதிரில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த தம்புசாமி தலை நிமிரவில்லை. கல்லு மாதிரி மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தான் தயாளன்.

"அம்மா, எங்களையும் பைரேட் பண்ணிட்டாங்கம்மா."

பாசார் மாலாமில் கேசட் விற்கும் கன்னையா கடையில் அவன் பாட்டுத்தான் அலறுகிறதாம். அப்பம் வாங்க நின்ற பெண்பிள்ளைகள் கூடவே முணுமுணுத்தார்களாம். டவுனில் ஒரு கடையில் ஒரிஜினல் கேட்டு ஆள் வந்து, கீழ்த்தட்டில் கிடந்தது மேலே ஏறிவிட்டதாம். கேட்ட இவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. உடனே அடுப்பில் பால் வைத்துப் பாயசம் காய்ச்சினாள். பிள்ளையின் சொத்து களவு போனதற்குப் பாயசம் வைத்த தாய் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் தம்புசாமி. அப்போதுதான் அவளுக்குச் சுரீரென்றது. ஐயையோ, இந்த மனுஷன் காதில் போட்டுவிட்டோமே.

தயாளன் வெளியே போனதும் மெல்ல ஆரம்பித்தாள். "இந்த ஒரு தடவை அந்தக் கடையை மட்டும் விட்டுடுங்க. பிள்ளை இப்பத்தான் சிரிக்கிறான்."

"கள்ளச் சரக்கு கள்ளச் சரக்குதான், சீதா. யார் பாடினா என்ன?"

இவரெல்லாம் ஒரு தகப்பனா என்று அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை, காய்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே கன்னையா கடைக்குப் போனாள். தூரத்திலிருந்தே மகன் குரல் கேட்டது. நெஞ்சு கொள்ளாத பெருமை. தெரிந்தவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று பயம் வேறு. முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, தான் இன்னார் பெண்டாட்டி என்று சொன்னதுதான் தாமதம், கன்னையாவின் கை தானாக விரிப்பைச் சுருட்டப் போனது.

"பயப்படாதே தம்பி, ஒண்ணு சொல்லத்தான் வந்தேன்" என்றாள் குரலைத் தாழ்த்தி. "அவரு என்னைக்கு வேணும்னாலும் வந்துடுவாரு. மத்ததை அள்ளிட்டுப் போனாப் போகட்டும். என் பிள்ளை கேசட்டை மட்டும் எங்கயாச்சும் ஒளிச்சு வை."

சொல்லி முடித்ததும் அவளுக்கே கூசியது. நேர்மையான அதிகாரியின் சம்சாரம் பேசுகிற பேச்சா இது?

கன்னையா விழுந்து விழுந்து சிரித்தான்.

"அக்கா, இந்தக் கேசட்டைக் கொண்டாந்து என் கையில குடுத்ததே துவான்தான், உங்க வீட்டுக்காரருதான். வந்தவரைப் பார்த்து நான் கடையைச் சுருட்டுறேன், அவரு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'என் மகன் பாடினது, இதையும் காப்பியடிச்சுப் போடுப்பா'ங்குறாரு. இங்கேயே நின்னு போட்டுக் காட்டினாரு. அந்த இங்கிலீஷ் பாட்டு அம்புட்டையும் ஒரு வரி தப்பாம கூடவே பாடுறாரு."

சீதாலெட்சுமியின் தலையிலிருந்து முந்தானை நழுவி விழுந்தது.

கன்னையா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"போறப்ப மட்டும் மூஞ்சியை அதிகாரி மாதிரி மாத்திக்கிட்டு, 'ரெய்டுக்கு வர்ற அன்னைக்கு இதையும் சேர்த்துத்தான் அள்ளுவேன், அதுவரைக்கும் நல்லா சத்தமா போடு'ன்னாரு."