போடாத ஊசி

ஊசி தட்டில் தயாராக இருந்தது. சுஜானி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கட்டிலுக்கு ஒரு எட்டுத் தள்ளி நின்றாள்.

"என்ன தங்கச்சி, ஊசியெண்டால் பயமோ? குத்து வாங்கப் போறது நானெல்லே," என்றார் பிலேந்திரன். பகிடி முடிவதற்குள் வலியில் அவர் முகம் சுருங்கியது.

"லூக்காஸ் வரட்டும், அண்ணை."

"அவன் எங்கை?"

"மேல்மாடியிலை ஒரு அம்மா விழுந்திட்டா. மணி அடிச்சது, ஊசியை வைச்சிட்டு ஓடீட்டார்."

இரண்டு மாடிக்கும் சேர்த்து அன்று ஊசி போடக்கூடிய நேர்ஸ் லூக்காஸ் ஒருவன்தான். சுஜானி அந்தப் பராமரிப்பு இல்லத்தில் உதவியாள். படுக்கை விரிக்கலாம், குளிக்க வார்க்கலாம், சாப்பாடு தீத்தலாம். ஊசியைத் தொடக்கூடாது.

பிலேந்திரன் ஒரு காலை ரி-பான் ரயில் பிடிக்க ஓடி, ஐஸில் சறுக்கி, இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டவர். சத்திரசிகிச்சை முடிந்து இங்கே வந்த நாளிலிருந்து சுஜானியின் ஊர், படித்த பள்ளிக்கூடம், மாமனாரின் பெயர் எல்லாம் விசாரித்து முடித்துவிட்டார். தன்னைப் பற்றி மட்டும் 'ஒரு கந்தோரிலை மேசை வேலை' என்றதோடு சரி.

கதவைத் தட்டிவிட்டுக் கிறிஸ்ரியன் எட்டிப் பார்த்தான். பிலேந்திரனை நடக்கப் பழக்குகிறவன் அவன்.

"வலி ஊசி போட்டாச்சா?" என்று நோர்வீஜிய மொழியில் கேட்டான்.

சுஜானி தலையை ஆட்டி இல்லையென்றாள்.

"அப்படியென்றால் இன்றைக்கும் படி ஏற முடியாது. நாளைக்குப் பார்ப்போம்." அடுத்த அறைக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"நேற்றும் இதைத்தான் சொன்னவன்!" பிலேந்திரன் கட்டில் சட்டத்தில் கையால் அடித்தார். "படியேறிக் காட்டினால்தான் வீட்டை விடுவினம். வீட்டை போனால்தான் வேலைக்குப் போகலாம். நீர் ஒரு குத்துக் குத்தியிருந்தால் நான் இப்ப படியிலை நிண்டிருப்பன்."

சுஜானிக்கு அடக்க முடியவில்லை.

"அண்ணை, நான் யாழ்ப்பாணத்திலை ஆறு வருஷம் நேர்ஸா இருந்தனான். கண்ணை மூடிக்கொண்டு போடுவன். ஆனால் இஞ்சை தற்காலிக லைசென்ஸ் வராமல் அந்த ஊசியைத் தொட்டால், பிறகு எந்தக் காலத்திலும் லைசென்ஸ் கிடையாது."

"விண்ணப்பிச்சனீரோ?"

"பாஷை படிச்சு, சோதனை பாஸ் பண்ணி, ஐப்பசியிலையே அனுப்பீட்டன். லைசென்ஸ் கந்தோருக்குப் போன் எடுத்து எடுத்துக் களைச்சுப் போனன். முதல் பிறந்த திகதியைக் கேட்பினம், பிறகு பாட்டுப் போடுவினம். கடைசியா ஒருத்தி வந்து, உம்மடை பைலைப் பாக்கிற ஆள் சீக்மெல்ட், சுகயீன லீவு, சுகமாகி வரட்டும் எண்டுவா. வேறை ஆரும் பாக்கேலாதோ எண்டால், அது அவற்றை பைலாம், மற்ற ஆக்கள் தொடமாட்டினமாம்!"

பிலேந்திரன் முகத்தைத் திருப்பினார். எதிர்ச் சுவரில் தொலைக்காட்சி பனிச்சறுக்குப் போட்டியைக் காட்டிக்கொண்டிருந்தது.

"அந்த மனுசன் காலை நீட்டிக்கொண்டு ரிவி பாத்துக்கொண்டு கிடக்கும். இஞ்சை நான்தான் கிடந்து சாகிறன்." சுஜானி கட்டிலுக்குக் கிட்ட வந்தாள். "என்ரை அவர் கிருஷிகன் நோர்வே ஆமியிலை. வாற மாசம் வடக்கு முகாமுக்கு மாத்தம். பக்கத்து ஆஸ்பத்திரியிலை எனக்கு ஒரு இடம் வைச்சிருக்கினம். வெள்ளிக்கிழமைக்குள்ளை லைசென்ஸைக் காட்டாட்டி அது வேறை ஆளுக்கு. பிறகென்ன, அவர் அங்கை, நான் இஞ்சை. கலியாணம் கட்டி மூண்டு வருஷத்திலை நாங்கள் ஒரு வீட்டிலை இருந்த காலமே குறைவு, அண்ணை."

பிலேந்திரன் ரிமோட்டைத் தடவி எடுத்து ரிவியை நிறுத்தினார்.

"உம்மடை பிறந்த திகதி என்ன?"

அந்த எரிச்சலிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஊர் முடிந்தது, மாமனார் முடிந்தது, இனிக் கிரகம்.

"ஏன், சாதகம் பாக்கப் போறியளோ? ஏழரைச் சனியெண்டு அம்மா ஏற்கெனவே சொல்லிப்போட்டா."

"மாசம் வேண்டாம், வருஷம் வேண்டாம். திகதியை மட்டும் சொல்லும்."

"இருபத்தேழு."

பிலேந்திரன் நீட்டியிருந்த தன் காலைப் பார்த்தார். தட்டில் கிடந்த ஊசியைப் பார்த்தார். அவளைப் பார்க்கத்தான் அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"எங்கடை கந்தோரிலை, பதினைஞ்சாம் திகதிக்குப் பிறகு பிறந்த ஆக்களின்ரை பைல் எல்லாம் என்ரை மேசையிலைதான், தங்கச்சி."