ஹசீனாவுக்காக வளைந்த தண்டவாளம்

இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஹசீனா ரோலர் கோஸ்டர் பக்கமே போகவில்லை. அதற்கு முன்பு ‘வளரி’ நிறுவனம் கட்டிய எந்த ரைடையும் அவள் விட்டதில்லை. மாமல்லபுரத்தில் திறந்திருக்கும் வளரியின் புதிய ரைடில் மட்டும் ஏறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏறுகிறவர்களில் யாருடைய இதயம் பலவீனமோ, அவருக்கு ஏற்றபடி அதன் தண்டவாளம் தானே வளைந்துகொள்ளும்.

ரோலர் கோஸ்டர் ரசிகர் மன்றத்து நண்பர்களோடு அவள் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டியதும், எதிரே செங்குத்தாக நின்ற பாதை மெல்லச் சரிந்து தாழ்ந்தது.

“நான் இறங்கிக்கிறேன். என்னால உங்களுக்கும் சப்புன்னு போயிடும்” என்றாள்.

இதற்காகவே கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த இன்பராஜ், “சும்மா உக்காருங்கக்கா. வளரிக்காரங்க என்னதான் பண்ணி வச்சிருக்காங்கன்னு பாப்போம்” என்றான்.

ரயில் கிளம்பியது. தலைகீழ்ச் சுழற்சி ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் உடல் இருக்கையை விட்டு மெல்ல எழும்பி, கடலைப் பார்த்தபடி வெகுநேரம் மிதந்தது. யாரும் கத்தவில்லை. ஹசீனா மட்டும் கைகளை விரித்துச் சிரித்தாள்.

இறங்கியதும் இன்பராஜ் கண்களைத் துடைத்துக்கொண்டான். “எப்படி யோசிச்சிருக்காங்க பாருங்க!”

ஹசீனா ஓரமாக ஒதுங்கினாள். “இப்ப நீங்க மட்டும் ஏறி, நிஜ ரைடப் பாத்துட்டு வாங்க.”

“அத எப்ப வேணா பாக்கலாம். இது நீங்க இருந்தாத்தானே வரும்? வாங்கக்கா, இன்னொரு தடவை!”

எல்லோருமாக அவளை மறுபடி வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.